எருமையில் மட்டும் விழுந்த கோடு

ராயபுரம்
4-8-2025

டில்லிக்கு,

போன் போட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் இரண்டாவது பேச்சில் சண்டை வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் சைட்டுக்குத் தினம் சாப்பாடு ஏற்றி வருகிற தாமஸ் கையில் இந்தப் பெட்டியைக் கொடுத்து அனுப்புகிறேன். பதில் எழுதினால் அவனிடமே கொடு. எழுதாவிட்டாலும் கேமரா வேலையை மட்டும் செய்துவிடு.

விஷயம் இதுதான். உங்கள் என்ஜினியர் சுப்பராயன் சார் போன வாரம் கடைக்கு வந்தார். டேங்க் பரிசோதனை நடக்கிற எல்லா சைட்டுக்கும் ஒரே மாதிரி கேமரா வேண்டுமாம், இருபது வாங்குவார்களாம். "உன் தம்பியே எங்ககிட்ட படம் புடிச்சினுகீறான். அவனே பார்த்து சொல்லட்டும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். தம்பி என்னோடு பேசுவதில்லை என்று வியாபாரம் பேச வந்தவரிடம் சொல்ல முடியுமா?

பெட்டியில் இரண்டு கேமரா இருக்கிறது. வெள்ளியாக, சின்னதாக இருப்பதற்குக் கடையில் புறா என்று பேர். முதுகு முழுக்கத் திரை. புகை, பனி, நிழல், புள்ளி எல்லாவற்றையும் தானே கழித்துவிட்டுப் படம் தரும். தூக்கக் கலக்கத்தில் அமுக்கினாலும் பளிச்சென்று வரும். கறுப்பாகக் கனமாக இருப்பது எருமை. அதற்கு முதுகில் திரையே கிடையாது. எடுத்தது எப்படி வந்தது என்று அங்கேயே பார்க்க முடியாது. வெளிச்சம், தூரம் எல்லாம் கையால் திருக வேண்டும். கண்டதைக் கண்டபடி வைத்துக்கொள்ளும், ஒன்றையும் தொடாது. படம் பதிகிற அதன் கார்டு உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறக்காது, என் கடைக்குத்தான் வர வேண்டும். செய்தவன் என்ன நினைத்துச் செய்தானோ.

நான் ஏன் இரண்டையும் அனுப்புகிறேன் என்று உனக்குத் தெரியும். ஒன்றை மட்டும் காட்டினால் வாங்குகிறவன் யோசிப்பான். இரண்டைக் காட்டினால் ஒன்றைத் தள்ளிவிட்ட திருப்தியில் மற்றதை எடுத்துக்கொள்வான். எருமை தள்ளப்படுவதற்காக வருகிறது. விற்க வேண்டியது புறா.

பொங்கலன்று கஸ்டமர் முன்னால் நின்று என் சரக்கைப் பொய் சொல்கிற மெஷின் என்றாய். அதே கஸ்டமர் முன்னால் நான் உன்னை வெளியே போ என்றேன். இரண்டு பேருமே குறைவாகப் பேசியிருக்கலாம். ஆனால் கப்பல்காரர்கள் விட்டுப்போன கேமராக்களைத் துடைத்து நடைபாதையில் விற்று, வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டிலிருந்து இந்தக் கடை வரைக்கும் வந்தவள் நான். ஜனங்களுக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். தன் மூஞ்சியில் இருக்கிற கரும்புள்ளியைக் காசு கொடுத்துப் பார்க்க யாரும் வருவதில்லை.

சாப்பிடுகிறாயா இல்லையா என்று தாமஸிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

மலர்

*

மணலி
6-8-2025

மலர் கேமரா உரிமையாளர் அவர்களுக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. நேற்று நான் போனை எடுக்கவில்லை என்று தாமஸிடம் சொன்னீர்களாம். இங்கே கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். ஷிப்ட் முடிந்தால்தான் கைக்கு வரும். வேண்டுமென்று எடுக்காத நாட்களும் உண்டு, அதையும் மறைக்கவில்லை.

கேமராவைக்கூட இங்கே இஷ்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. காற்றில் வாயு கசிகிறதா என்று முதலில் மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். பச்சை காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். நேற்று ஆறாம் நம்பர் டேங்க் பக்கத்தில் மீட்டர் சிவப்புக் காட்டியது. தட்டிப் பார்த்தார்கள், மறுபடி சிவப்பு. வேறு பக்கமாக நின்று பார்த்ததில் பச்சை வந்தது. "மெஷின் பழசு, நீ போ" என்று அனுப்பிவிட்டார்கள்.

டேங்குக்குள் என்ன சரக்கு என்பதை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இப்போது கால் பங்குதான் இருக்கிறது. அதற்கே பக்கத்தில் போனால் கண் எரிகிறது. பரிசோதனை முடிந்து சரியென்று எழுதிக் கொடுத்தால் முழுசாக ஏற்றுவார்கள். டேங்கின் அடி வளையத்தில், பெரிய குழாய்க்குப் பின்னால் ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஆள் நுழைய வழியில்லை, தலையைக்கூட விட முடியாது. கேமராவை நீட்டித்தான் எடுக்க வேண்டும். அந்த இடத்துக்குக் கேமராதான் கண்.

புறாவில் எடுத்தேன். திரையிலேயே தெரிந்தது, டேங்க் கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறது. சுப்பராயன் சாருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நீங்கள் நினைத்தபடியே ஆகும். எருமையிலும் எடுத்தேன், தூக்கிப் பிடித்ததில் தோள் விட்டுப்போயிற்று. என்ன விழுந்தது என்று எனக்குத் தெரியாது. இரண்டு கார்டையும் அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லவும்.

சாப்பிடுகிறேன். ஆனால் இரண்டு நாளாக மீன் குழம்பு வாசனையே தெரியவில்லை. மூக்கு செத்துவிட்டது போல் இருக்கிறது. ஷெட்டில் எல்லோருக்கும் அப்படித்தானாம். பழகிவிடும் என்கிறார்கள்.

டில்லிபாபு

*

ராயபுரம்
7-8-2025

டில்லிக்கு,

உரிமையாளர் அவர்கள் எழுதுகிறேன். உன் குத்தல் எனக்கு உறைக்காது, வியாபாரம் பண்ணுகிறவளுக்குத் தோல் தடிப்பு.

இரண்டு கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். குழாய்க்குப் பின்னால் இருக்கிற அந்த இடத்தில், எருமை எடுத்த படத்தில் ஒரு கோடு ஓடுகிறது. மெல்லிசு. முதலில் கம்ப்யூட்டர் திரை மேல் தலைமுடி என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை. குழாயைத் தாங்குகிற இரும்புக் கொக்கி ஒன்று தெரிகிறதே, அதற்கு ஒரு சாண் முன்னால் வந்து கோடு நின்றுவிடுகிறது.

புறா எடுத்த அதே இடத்தில் கோடு இல்லை. முட்டை ஓடு மாதிரி இருக்கிறது. எனக்கு இடித்தது என்ன தெரியுமா? அதில் பெயின்ட் வழிந்த தடம்கூட இல்லை. பெயின்ட் வழியாத டேங்க் உலகத்தில் எங்கே இருக்கிறது?

உடனே குதிக்காதே. எருமைக்குள் தூசி விழுந்திருக்கலாம். அது பல கை மாறி வந்த கேமரா. ஷெட்டில் ஏதாவது வெள்ளைச் சுவரைப் பார்த்து ஒரு படம் எடு. தூசியாக இருந்தால் சுவரிலும் அதே இடத்தில் அந்தக் கோடு விழும். அதையும், குழாய்க்குப் பின்னால் அதே இடத்தை அதே மாதிரி நின்று மறுபடி எடுத்ததையும் அனுப்பு.

அதுவரை யாரிடமும் வாயைத் திறக்காதே. தூசிக்காக இருபது கேமராவைக் கெடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. கோபித்துக்கொள்வாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

கண் எரிந்தால் தண்ணீர் விட்டுக் கழுவு. கசக்காதே.

மலர்

*

மணலி
9-8-2025

அக்கா,

உரிமையாளர் என்று தொடங்கி எழுதிப் பார்த்தேன், வரவில்லை. இருக்கட்டும்.

சுவரை எடுத்தேன். குழாய்க்குப் பின்னால் மறுபடியும் எடுத்தேன். கார்டை அனுப்புகிறேன். வாயைத் திறக்காதே என்றாய், என்னால் முடியவில்லை. அந்த டேங்குக்குக் கீழே நிற்பது நீயல்ல, நான். கூட நிற்கிறவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள்.

சுப்பராயன் சாரிடம் கோட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு புறாவின் திரையை என் மூக்குக்கு நேராகக் காட்டினார். "இங்க பாரு, எவ்ளோ க்ளீனா கீது. எங்க கீது கோடு, காட்டு பார்க்கலாம்" என்றார். எருமையில் இருக்கிறது என்றேன். "அது பழைய கழுதை. அதுல இன்னா வேணா தெரியும்" என்று சிரித்தார். அது எருமை சார் என்றேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. கடைசியில், பெரிசாகப் பேப்பரில் போட்டுக் கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். பேப்பர் இருந்தால்தான் அவரும் மேலே பேச முடியுமாம்.

சுவரில் கோடு விழாமல் இருந்தால் ஓர் உதவி செய். இரண்டு படத்தையும் பெரிசாகப் போட்டு, கூடவே ஒரு வரி எழுது. இந்தப் புறா கோட்டை அழித்துவிடுகிறது, இந்த வேலைக்கு ஆகாது என்று எழுது. நான் எழுதினால் அக்கா மேல் இருக்கிற கோபத்தில் எழுதினான் என்பார்கள். விற்கிறவளே தன் சரக்கு ஆகாது என்று சொன்னால் அதற்கு மேல் யார் பேசுவார்கள்?

நீ எழுதினால் இருபதும் போகும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

இன்றைக்குக் காலையில் மீட்டர் வைக்கவே இல்லை. ரிப்பேருக்குப் போயிருக்கிறதாம்.

டில்லி

*

ராயபுரம்
11-8-2025

டில்லிக்கு,

சுவர் சுத்தமாக இருக்கிறது. அது தூசி இல்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், உட்கார்ந்து படி. போன தடவை கொக்கிக்கு ஒரு சாண் முன்னால் நின்ற கோடு இந்தத் தடவை கொக்கியைத் தாண்டிவிட்டது. நீ நின்ற இடம், கோணம் எல்லாம் அதேதான், வைத்து வைத்துப் பார்த்தேன். தூசி நடக்காது.

பிறகு நானே கடையில் சோதித்தேன். கல்லாவுக்குக் கீழே ஒரு டைல்ஸ் விரிசல் விட்டிருக்கிறதே, அதைப் புறாவில் எடுத்தேன். டைல்ஸ் புதுசாக வந்தது. விரிசலைக் காணோம். மூன்று தடவை எடுத்தும் காணோம். சரக்கு அனுப்புகிற ஆளுக்குப் போன் போட்டு, அந்தச் சுத்தப்படுத்துகிற வேலையை நிறுத்த எங்கே அமுக்க வேண்டும் என்று கேட்டேன். "அத நிறுத்த முடியாதுங்க, அதுக்காகத்தானே எல்லாரும் வாங்குறாங்க" என்றான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பொங்கலன்று நீ சொன்ன வார்த்தை நடுவே நடுவே வந்து போனது.

படம் போடச் சொல்லிவிட்டேன். அடுத்த தெரு தஹ்சீனை உனக்குத் தெரியும், கல்யாண ஆல்பம் போடுகிறவன். பெரிய மெஷின் அவனிடம்தான் இருக்கிறது. எருமை படம் ஒன்று, புறா படம் ஒன்று, இரண்டும் ஒரே அளவு. நான் கடை திறக்கும் முன்பே தாமஸ் கிளம்பிவிடுவதால், நாளைக் காலையில் அவனே நேராக தஹ்சீனிடம் கவரை வாங்கிக்கொண்டு வருவான். என் கடிதத்தையும் கவருக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கடிதத்தில் என்ன எழுதினேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். புறா ஆகாது என்று எழுதவில்லை. "இரண்டு கேமராவும் ஒரே இடத்தை எடுத்த படங்கள். தாங்களே ஒப்பிட்டு முடிவு செய்யவும்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். படம்தான் பேசப்போகிறதே, நான் எதற்கு என் வாயால் என் சரக்கைத் திட்ட வேண்டும்? உங்களுக்கு ஆகாவிட்டாலும் கல்யாணத்துக்குப் படம் எடுக்கிறவனுக்குப் புறா ஆகும். நாளைக்கு அவனிடம் விற்க வேண்டியவளும் நான்தானே.

கோட்டை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். பார்த்த பிறகு யாரும் ஏற்றச் சொல்ல மாட்டார்கள்.

மலர்

*

மணலி
13-8-2025

மலர் கேமரா உரிமையாளர் அவர்களுக்கு,

கவர் நேற்று வந்தது. சுப்பராயன் சார் எல்லோரையும் கூப்பிட்டு மேஜை மேல் இரண்டு படத்தையும் விரித்தார். எருமை படத்திலும் கோடு இல்லை. புறா படத்திலும் கோடு இல்லை. இரண்டுமே முட்டை ஓடு.

உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். ஒப்பிட்டு முடிவு செய்யவும் என்கிற இடத்தில் நிறுத்தினார். "இன்னா டில்லி, உங்க அக்கா போட்டு அனுப்புன படத்துலயே ஒண்ணும் காணோம். கோடு உன் கண்ணுல கீதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததற்கு நான் வருத்தப்படவில்லை.

கொக்கியைத் தாண்டிவிட்டது என்று எழுதியது நீங்கள். தூசி நடக்காது என்று எழுதியது நீங்கள். பிறகு அந்தக் கோட்டைத் துடைத்தது யார்? எருமைப் படத்தைப் புறாப் படமாக்க உங்கள் தெருவில் ஆளுக்கா பஞ்சம்? இருபது கேமராவுக்கு அது பெரிய வேலை இல்லை. வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருந்தால் வேறு வழி பார்த்திருப்பேன். இப்போது நான் எதைச் சொன்னாலும் நம்ப ஆளில்லை. இனி கோடு என்று பேசினால் வேலையை விட்டு நிறுத்திவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

புறாவையே வாங்குவது என்று முடிவாகிவிட்டது. வாழ்த்துகள்.

டேங்க் சரியென்று எழுதிக் கொடுத்தாயிற்று. நாளைக் காலை ஏற்றத் தொடங்குகிறார்கள். வெள்ளிக்கிழமை சுதந்திர தின விடுமுறை, அதற்குள் முழுசாக நிரப்பிவிட வேண்டுமாம். சரக்கு மேலே ஏற ஏற அடி வளையத்தைப் படம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியது என் வேலை. புறாவில்தான். எருமையை தாமஸிடம் திருப்பி அனுப்பிவிட்டேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

டில்லிபாபு

*

மணலி, கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடை
14-8-2025

டில்லி,

தாமஸ் ஷட்டருக்குக் கீழே தள்ளிவிட்டுப் போன உன் கடிதம் இன்று காலை கடை திறந்தபோதுதான் கைக்கு வந்தது. படித்ததும் தஹ்சீன் கடைக்கு ஓடினேன். என்ன செய்தாய் என்று கேட்டேன். அவன் பயப்படவே இல்லை, பெருமையாகச் சொன்னான். "ஒரு படத்துல குறுக்கால முடி மாதிரி வுழுந்து கெடந்துச்சுக்கா. கறையோட படம் குடுக்கிறது நம்ம வழக்கமா? நானே தொடைச்சு வுட்டேன். அதுக்குத் துட்டுகூட போடல" என்றான். பத்து வருஷமாகப் பெண்களின் முகப்பருவைத் துடைத்த கை. டேங்க்கையும் துடைத்துவிட்டது. அவனை என்ன சொல்வது? அந்தக் கவரைப் பிரித்து ஒரு தடவை பார்க்காமல் அனுப்பியது நான். ஒரே ஒரு வரியை நேராக எழுதாமல் விட்டதும் நான்தான்.

பக்கத்தில் நின்று மறுபடி போடச் சொல்லி, கோடு இருக்கிற படத்தோடு ஆட்டோவில் வந்தேன். கேட்டில் உள்ளே விடவில்லை. உன் போன் அவர்கள் டப்பாவில் அடித்துக்கொண்டே இருந்தது, இங்கே நிற்கிற எனக்கே சத்தம் கேட்டது. உன்னைக் கூப்பிடச் சொன்னால் ஷிப்ட் முடியட்டும் என்கிறார்கள். நான் போட்ட சத்தத்தில் சுப்பராயன் சார் வெளியே வந்தார். படத்தைக் கொடுத்தேன். புறா கோட்டை அழிக்கிறது, இந்த வேலைக்கு ஆகாது, இருபதும் கேன்சல் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அதையும் கொடுத்தேன்.

அவர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். முகம் செத்துவிட்டது. "காலைலயே ஏத்த ஆரம்பிச்சாச்சும்மா. பாதிக்கு மேல ஏறிடுச்சு. இப்ப நிறுத்துன்னா நான் யாருக்கு இன்னான்னு பதில் சொல்றது" என்றார். படத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். நிறுத்தச் சொல்லப் போனாரா, சும்மா போனாரா, தெரியவில்லை. மோட்டார் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

தீயணைப்புக்கும் போன் போட்டுவிட்டேன். வண்டி கிளம்பிவிட்டதாம். ரோடு முழுக்க கன்டெய்னர் லாரி, எப்போது வந்து சேருமோ.

தாமஸின் சாப்பாட்டு வேனை மட்டும் உள்ளே விடுகிறார்கள். அவனிடம் இதையும் இன்னொரு படத்தையும் கொடுக்கிறேன். படித்ததும் போட்டது போட்டபடி வெளியே வா. புறாவை அங்கேயே வீசிவிட்டு வா. கூட இருக்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு வா. என்னைத் திட்ட வேண்டுமென்றால் வெளியே வந்து திட்டு, நடுத்தெருவில் வைத்துத் திட்டு. நான் கேட்டுக்கொள்கிறேன்.

வருகிற வரைக்கும் இங்கேயே நிற்பேன்.

அக்கா

*

(அதே தாளின் பின்பக்கம்)

அக்கா,

படம் பார்த்தேன். நீ துடைக்கவில்லை. அது போதும்.

சுப்பராயன் சார் மோட்டாரை நிறுத்த ஓடியிருக்கிறார். ஆனால் இனி படம் தேவையில்லை. குழாய்க்குக் கீழே தரை நனைந்திருக்கிறது. கீழே நின்றவர்களுக்கு அதைக் காட்டினேன், யாரும் சிரிக்கவில்லை. எல்லோரையும் பின்பக்கச் சுவர் வழியாக அனுப்பிக்கொண்டிருக்கிறேன். தாமஸ் வேனை இங்கேயே விட்டுவிட்டு இந்தத் தாளோடு நடந்துதான் வருவான். ஒரு பொறி போதும், ஸ்டார்ட் பண்ணாதே என்று நான்தான் சொன்னேன்.

நீ அங்கே நிற்காதே. கடல் காற்று எழும்பிவிட்டது. டீக்கடை எங்களுக்கு மேற்கே இருக்கிறது, எது வந்தாலும் உன் பக்கம்தான் வரும். சுற்றிக்கொண்டு கிழக்கே போ, திருவொற்றியூர் பக்கமாக நட. டீக்கடைக்காரரை அடுப்பை அணைக்கச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போ. புடவைத் தலைப்பை நனைத்து மூக்கில் கட்டிக்கொள்.

டேங்க் உச்சியில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். காதையும் மூடுகிற முகமூடி போட்டிருப்பதால் கீழே இருந்து கத்துவது கேட்கவில்லை. கை ஆட்டினால் பதிலுக்குக் கை ஆட்டுகிறார்கள். ஏறிப்போய்த் தொட்டுத்தான் சொல்ல வேண்டும். ஏறுகிறேன்.

எனக்காக நிற்காதே. நட.

டில்லி